சுருட்டி உண்ணும் கடல் – செட்டிநாட்டுக்கு வந்ததும் வராததும்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக் கடற்கரைக்குச் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனாலும் செட்டிநாடு வறண்ட பூமி. செம்மண், கண்மாய், கருவேலங்காடு, வெயில். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கடல் கண்ணுக்குத் தெரியாத நாடு அது.

இந்த நாட்டு வணிகர்களுக்கோ கடல் வீட்டு வாசற்படி மாதிரி. இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன் என்று நகரத்தார் கடை போடாத துறைமுகம் அந்தப் பக்கத்தில் குறைவு. தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் போனார்கள், வந்தார்கள். போன ஊர்களிலிருந்து தேக்கு மரம் கொண்டுவந்தார்கள், கறுப்பு அரிசி கொண்டுவந்தார்கள், அரக்குப் பாத்திரம் கொண்டுவந்தார்கள். அந்த ஊர்களின் தெருக்களில் அடுப்பே இல்லாமல் இரண்டு நிமிடத்தில் சுருட்டிக் கையில் கொடுக்கும் கடல் உணவுகளை மட்டும் கொண்டுவரவில்லை.

இன்று 'ராப்', 'ரோல்' என்ற பெயர்களில் உலகம் முழுக்க வீடுகளில் செய்யப்படும் இந்த உணவு, செட்டிநாட்டுக்காரர்கள் வியாபாரம் செய்த நாடுகளின் அன்றாட உணவு. அது ஏன் காரைக்குடிச் சமையலறைக்குள் நுழையவில்லை? சின்னக் கேள்விதான். ஆனால் ஒரு நாட்டின் உணவு இன்னொரு நாட்டுக்கு எப்படிப் போகிறது, யார் கையில் போகிறது என்று தெரிந்துகொள்ள இந்தக் கேள்வி நல்ல வழி.

அடுப்பில்லாத சுருள்கள்

முதலில் அந்தப் பண்டங்கள் என்னென்ன என்று பார்த்துவிடலாம்.

வியட்நாமில் 'கோய் குவோன்' என்று ஒன்று உண்டு. கண்ணாடி போல மெல்லிய, வட்டமான அரிசித்தாளை ஒரு நொடி தண்ணீரில் நனைக்கிறார்கள். விறைப்பாக இருந்த தாள் துணி போலத் துவண்டுவிடும். அதன்மேல் இலைக்கீரை, புதினா போன்ற வாசனைத் தழைகள், நம்மூர் சேவை போன்ற அரிசி நூடுல்ஸ், வேகவைத்து உரித்த இறால், பன்றி இறைச்சித் துண்டு எல்லாம் வைத்துச் சுருட்டுகிறார்கள். தொட்டுக்கொள்ள நிலக்கடலைக் குழம்போ மீன் சாறோ இருக்கும்.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 'போப்பியா' உண்டு. சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து வந்த ஹொக்கியன் மக்களின் உணவு இது. மைதாவில் செய்த மிக மெல்லிய உறையில், வதக்கிய கிழங்குத் துருவல், இறால், முட்டை, வேர்க்கடலைத் தூள் எல்லாம் வைத்து, எண்ணெயில் பொரிக்காமல் அப்படியே சுருட்டி வெட்டிக் கொடுப்பார்கள்.

தாய்லாந்திலும் லாவோஸிலும் 'மியாங் கம்'. இதுதான் தமிழருக்கு மிகவும் நெருக்கமானது. வெற்றிலைக்குச் சொந்தமான ஒரு காட்டு இலையை எடுத்து, கூம்பாக மடித்து, அதற்குள் வறுத்த தேங்காய்த் துருவல், இஞ்சி, சின்ன வெங்காயம், தோலோடு நறுக்கிய எலுமிச்சை, நிலக்கடலை, மிளகாய், காய்ந்த இறால் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, மேலே வெல்லப்பாகு விட்டு, ஒரே வாயாகப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வெற்றிலை மடிக்கத் தெரிந்த யாருக்கும் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை!

பர்மாவில் சுருட்டுவதை விடப் பிசைவது அதிகம். அந்த நாட்டு மொழியில் 'தோக்' என்றால் கையால் கலந்து பிசைந்தது என்று பொருள். ஊறவைத்த தேயிலை, இஞ்சி, தக்காளி, நூடுல்ஸ் என்று எதையும் பிசைவார்கள். பெரும்பாலும் அதில் காய்ந்த இறாலோ அதன் பொடியோ சேரும். அந்தக் கடல் வாசனை இல்லாவிட்டால் பர்மியருக்கு அது சப்பென்று இருக்கும்.

சமைக்காத உணவு என்று ஒன்று உண்டா?

இவற்றை எல்லாம் 'சமைக்காத உணவு' என்று சொல்வது வழக்கம். உண்மையில் சமையல் முன்பே நடந்துவிட்டது. அரிசித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் பானையின் வாயில் துணி கட்டி, அரிசிமாவைத் தோசை போலப் பரப்பி, ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டியில் போட்டு வெயிலில் காய வைக்கிறார்கள். தென் வியட்நாமில் தாய் நின் மாகாணத்தின் ட்ராங் பாங் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே தாளை இரவுப் பனியிலும் காட்டிப் பதப்படுத்துவார்கள். இறால் கடற்கரையில் காய்ந்தாகிவிட்டது. வாங்கியவர் வீட்டில் நனைப்பதும் சுருட்டுவதும்தான் பாக்கி.

இந்த வித்தை செட்டிநாட்டுக்குப் புதிதா என்றால், இல்லவே இல்லை. கோடை வந்தால் முற்றத்திலும் மாடியிலும் வற்றல், வடகம் காய்வதைப் பார்க்காத வீடு அங்கே உண்டா? அரிசிக்கூழைக் கிண்டித் துணியில் ஊற்றி, காய்ந்தபின் தண்ணீர் தெளித்து உரித்தெடுப்பதும், அரிசித்தாள் செய்வதும் அக்கா தங்கை முறை. அவலும் அப்படித்தான். யாரோ ஊறவைத்து, வறுத்து, இடித்து வைத்ததால்தான் நனைத்தவுடன் சாப்பிட முடிகிறது.

கடல் உணவிலும் இதே கதைதான். உள்நாட்டுக்கு மீன் பெரும்பாலும் கருவாடாகத்தான் வந்தது. ஐஸ் பெட்டியும் லாரியும் வருவதற்கு முன் 50 கிலோமீட்டர் என்பது மீனுக்கு மிக நீண்ட தூரம். நெத்திலி, சுறா, வாளை, சென்னாக்குன்னி என்று கருவாடு உள்ளூர்ச் சந்தைகளுக்கு வந்து சேர்ந்தது. பச்சை மீன் வேண்டுமென்றால் கண்மாய்தான். கோடையில் நீர் வற்றும்போது ஊரே இறங்கி ஊத்தா, கச்சா, கூடை கொண்டு மீன் பிடிக்கும் திருவிழா சிவகங்கைச் சீமையின் கிராமங்களில் இன்றும் நடக்கிறது.

கருவாட்டுக்கு வேண்டியது உப்பு. நகரத்தாரின் வணிக வரலாற்றில் உப்புக்கும் இடம் உண்டு என்பது சுவாரசியமான செய்தி. வட்டிக்கடைகளும் பர்மாவும் வருவதற்கு முன், 17ஆம் நூற்றாண்டு வாக்கில், அவர்கள் உப்பு வியாபாரம் செய்து உள்நாட்டுச் சந்தைகளுக்கும் பழனிக்கும் போய் வந்ததை வரலாற்றாய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பின்னர் ஆங்கிலேயர் உப்புக்குப் பெரும் வரி போட்டபோது, விலை கொடுத்து உப்பு வாங்கிக் கருவாடு போடுவது மீனவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னை அரசாங்கமே கடற்கரையோரம் மீன் உப்பிடும் இடங்களை அமைத்து, அங்கே மட்டும் வரியில்லா உப்பு கொடுத்தது. 1907இல் சர் ஃபிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துறை உருவானபோது, அந்த இடங்களைச் சீர்படுத்துவதும் அதன் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

சமைக்காமல் சுருட்டி உண்பதற்கும் மிகப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மாலத்தீவில் சூரை மீனை வேகவைத்து, புகையிலிட்டு, வெயிலில் கட்டை போலக் காய வைக்கிறார்கள். அதுதான் மாசி. தூத்துக்குடிக்கும் மாலத்தீவுக்கும் தோணிப் போக்குவரத்து பழைய தொடர்பு. மாசியை இடித்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து, 'ரோஷி' என்ற சப்பாத்தியோடு உண்பது மாலத்தீவின் காலை உணவு. இலங்கைத் தமிழர் வீடுகளில் மாசிச் சம்பல் இன்றும் உண்டு.

ஆக, வித்தை இருந்தது, பொருளும் இருந்தது. மடிக்க வெற்றிலையும் இருந்தது. பிறகு எது தடுத்தது?

கிட்டங்கியில் இருந்தவர்கள்

விடை அந்த வணிகர்கள் வெளிநாட்டில் வாழ்ந்த விதத்தில் இருக்கிறது.

1852இல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றுப் படுகையின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டை அழித்து வயலாக்கிய பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுக்க ஆங்கிலேய வங்கிகள் தயாராக இல்லை, நகரத்தார் கொடுத்தார்கள். 1929–30இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் நிறுவனங்கள் இருப்பதாகவும், அவற்றின் மூலதனம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அந்தக் காலத்து 75 கோடி!

இவ்வளவு பெரிய தொழிலை நடத்தியவர்கள் வாழ்ந்த இடம் கிட்டங்கி. ரங்கூனில் மொகல் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, சைகோனில் ஒஹியே தெரு, பினாங்கில் பினாங்குத் தெரு. நீண்ட கூடம், தரையில் பாய், ஆளுக்கொரு மரப்பெட்டி, அதன்மேல் கணக்கேடு. பகலில் அதுவே கடை. இரவில் அதுவே படுக்கையறை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. சாதாரணமாக மூன்று ஆண்டு ஒப்பந்தம். முடிந்ததும் ஊருக்கு வந்து, சில காலம் இருந்துவிட்டு மறுபடியும் 'கொண்டு விற்க' கிளம்புவார்கள்.

போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள் மட்டும். ஆச்சிமார் ஊரிலேயே இருந்தார்கள். பெரிய வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகளையும் வரவு செலவையும் அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். கிட்டங்கியில் சமைக்க ஊர்ப்பக்கத்திலிருந்தே தவசிப்பிள்ளை போவார். காரைக்குடியில் என்ன சாப்பாடோ அதேதான் ரங்கூனிலும்.

போதாததற்கு அவர்கள் சைவர்கள். போன ஊரிலெல்லாம் முதலில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859இல் கட்டப்பட்டது. பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலும் சைகோன் தெண்டாயுதபாணி கோயிலும் அப்படி எழுந்தவையே. நகரத்தார் ஆதியில் மரக்கறி உணவினர் என்றும், கடல் கடந்த வணிகத்துக்குப் பிறகுதான் அசைவம் பரவியது என்றும் அந்தச் சமூகத்தில் சொல்வதுண்டு. அப்படிப்பட்டவர்களுக்குத் தெருவில் முகம் தெரியாத ஒருவர் கையால் சுருட்டித் தரும், பன்றி இறைச்சி கலந்த பண்டம் எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரு பெரிய முரண் உண்டு. பர்மிய விவசாயியின் வயல், விதை, அறுவடை, விலை எல்லாம் மேலாளுக்கு அத்துப்படி. அந்த விவசாயி தினமும் தொட்டுக்கொண்ட 'ஙப்பி' என்ற மீன்விழுதின் ருசி அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பெட்டியில் வந்தவை

இருந்தாலும் ஊர் திரும்பிய கப்பலில் உணவு வராமல் இல்லை. 1926இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கொண்டுவந்த பெட்டிகளில் என்ன இருந்தது என்பது செட்டிநாட்டுக் கல்யாண விருந்தைப் பார்த்தாலே தெரியும்.

முதலில் கவுனி அரிசி. பர்மாவில் விளைந்த கறுப்பு ஒட்டரிசி. சர்க்கரையும் தேங்காயும் சேர்த்துச் செய்த கவுனி அரிசி இல்லாமல் செட்டிநாட்டு விசேஷம் நிறையாது. அடுத்து கடல்பாசி. கடலிலிருந்து வந்தாலும் பால், சர்க்கரை சேர்ந்து இனிப்பாகிவிட்டது. அன்னாசிப்பூ என்னும் நட்சத்திர சோம்பு சீனாவும் வியட்நாமும் விளையும் இடம். அது இன்று செட்டிநாட்டு மசாலாவின் அடையாளங்களில் ஒன்று. பாத்திரமாக வந்தவை தனி. பர்மிய அரக்குப் பெட்டிகளும் எனாமல் தூக்குகளும் வீடு வீடாக இருந்தன.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரியும். வந்தவை எல்லாம் காய்ந்தவை, கெடாதவை, எடை போட்டு வாங்கி மூட்டை கட்டக் கூடியவை. ஆச்சி தன் சமையலறையில், தனக்குத் தெரிந்த முறையில் சமைத்துக்கொள்ளக் கூடியவை. கறுப்பு அரிசி வந்தது, அதை பர்மியர் சமைக்கும் முறை அப்படியே வரவில்லை. பொருள் வந்தது, கைப்பக்குவம் வரவில்லை.

கைப்பக்குவம் மூட்டையில் வராது. அது ஒரு கை இன்னொரு கையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். தெருவோரத்தில் அரிசித்தாள் நனைக்கும் பெண்ணின் பக்கத்தில் செட்டிநாட்டில் சமைக்கும் யாரும் நிற்கவில்லை. பார்த்தவர் சமைக்காதவர், சமைத்தவர் பார்க்காதவர். அவ்வளவுதான் விஷயம்.

தெருவோரத் தமிழர்கள்

இது வெறும் ஊகம் இல்லையா என்று கேட்கலாம். கடல் கடந்த மற்ற தமிழர்களைப் பார்த்தால் இது விளங்கும்.

பினாங்கில் 'பசெம்போர்' என்று ஒரு பண்டம் இருக்கிறது. வெள்ளரித் துருவல், கிழங்குத் துருவல், இறால் வடை, கணவாய், முட்டை எல்லாம் வெட்டிக் கலந்து, சர்க்கரைவள்ளியும் நிலக்கடலையும் சேர்த்த இனிப்புக் காரக் குழம்பை மேலே ஊற்றுவார்கள். கேட்டவுடன் கண்முன்னே கலந்து தரும் கடல் உணவு. இதை விற்றுப் பேர் வாங்கியவர்கள் தமிழ் முஸ்லிம்கள். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்தும் கடையநல்லூர், தென்காசிப் பக்கங்களிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள் அவர்களில் நிறைய. காரைக்குடியும் அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான்.

எதிர்த்திசையிலும் இதேதான் நடந்தது. ரங்கூன் தெருக்களில் இன்றும் தோசை கிடைக்கிறது. பர்மியர் அதைத் 'தோஷே' என்கிறார்கள். வியட்நாமில் 'காரி' என்பது அன்றாடச் சொல். தோசைக்கல்லைத் தெருவுக்குக் கொண்டுபோனவர்கள் 75 கோடி மூலதனம் போட்டவர்கள் இல்லை. மூட்டை தூக்கப் போனவர்கள், வயல் அறுக்கப் போனவர்கள், தள்ளுவண்டி போட்டவர்கள். யாருக்குப் பக்கத்துக் கடைக்காரரோடு பேசிப் பழகாமல் பிழைப்பில்லையோ அவர்கள்தான் சமையலைக் கொடுத்தார்கள், வாங்கினார்கள்.

1942, 1964

1930களின் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பித் தர முடியவில்லை. அடமான நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது 25 சதவீதமானது. நிலம் இழந்தவரின் கோபம் சும்மா இருக்குமா? இந்தியர் மீதே அந்தக் கோபம் திரும்பியது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் ஓட வேண்டியதாயிற்று. கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான், மணிப்பூர் மலைகளைக் கால்நடையாகக் கடந்தார்கள். பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள்.

போருக்குப் பின்னும் பர்மாவில் தமிழர்கள் இருந்தார்கள். 1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. சேர்த்து வைத்த பணம் ஒரே நாளில் காகிதமானது. இந்திய அரசு அனுப்பிய கப்பல்களில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பினார்கள். அவர்களில் பலர் தாயகத்தைப் பார்த்தே இராதவர்கள். நகையும் பணமும் கொண்டுவர விடவில்லை.

தமிழ்நாட்டில் அவர்களுக்காகப் பல ஊர்களில் குடியிருப்புகள் எழுந்தன. காரைக்குடியிலும் பர்மா காலனி என்ற பெயரில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. ஒரே ஊரில் இரண்டு பர்மா. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய மாளிகைகள் ஒரு பக்கம். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களின் சிறிய வீடுகள் மறுபக்கம்.

வெறுங்கையில் வந்த உணவு

வெறுங்கை என்று சொன்னாலும் அந்தக் கையில் ஒன்று இருந்தது. பிசையத் தெரியும்!

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969 வாக்கில் பர்மா பஜார் உருவானது. அதை ஒட்டிய இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் தள்ளுவண்டிகளில் ஒரு புது உணவு வந்தது. அதுதான் அத்தோ. பர்மிய 'தோக்' தமிழ் நாக்கில் அப்படி ஆயிற்று. அவித்த நூடுல்ஸ், பச்சை முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், பொரித்த தட்டை, கொத்தமல்லி எல்லாம் ஒரு கிண்ணத்தில். கடைக்காரர் கை உள்ளே போய் நாலு சுற்றுச் சுற்றினால் அத்தோ தயார். கேட்ட பிறகு அடுப்பில் வைக்கும் வேலை எதுவும் இல்லை. கூடவே மொய்ங்கா, பேஜோ, வாழைத்தண்டு சூப்.

நூறு ஆண்டு வணிகத்தில் வராத உணவு, பிழைக்க வேறு வழியில்லாத சில குடும்பங்களால் சில ஆண்டுகளில் சென்னையின் தெரு உணவாகிவிட்டது. பசி எவ்வளவு வேகமாகச் சமையலைக் கடத்துகிறது!

ஆனால் வந்த வழியில் ஒன்று உதிர்ந்துவிட்டது. பர்மாவில் அத்தோவுக்கு உயிரான காய்ந்த இறால் பொடியை இன்று சென்னைக் கடைகள் பெரும்பாலானவற்றில் பார்க்க முடியாது. மொய்ங்கா பர்மாவில் மீன் குழம்பு. இங்கே பல கடைகளில் வாழைத்தண்டு மட்டும் இருக்கிறது, மீன் இல்லை. மீனே சாப்பிடாதவரும் வந்து நிற்கும் தெருவில் எல்லோருக்கும் விற்க வேண்டிய கடை அது. கடலைக் கடந்து வந்த உணவு, கடலைக் கரையிலேயே விட்டுவிட்டது.

வீட்டில் திரும்பச் சேர்க்க

விட்டுப்போனதை வீட்டில் திரும்பச் சேர்ப்பது கஷ்டமில்லை. தேவையானவை எல்லாம் காரைக்குடிக் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

ஒரு கைப்பிடி சென்னாக்குன்னியை மண் போகப் புடைத்துச் சுத்தம் செய்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்துக்கொள்ள வேண்டும். நெருப்பு வேண்டியது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான். வறுத்துப் பொடித்து ஜாடியில் ஈரம் படாமல் வைத்துவிட்டால் அடுத்த முறை அதுவும் வேண்டாம். பச்சை மீனையும் பச்சை இறாலையும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

பொடியோடு பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மாங்காய்த் துருவல், தேங்காய்த் துருவல், உடைத்த வறுத்த நிலக்கடலை, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைய வேண்டும். கருவாட்டிலேயே உப்பு இருப்பதால் உப்பை ருசி பார்த்த பிறகுதான் போட வேண்டும். கழுவித் துடைத்த இளம் வெற்றிலையைக் கூம்பாக மடித்து, ஒரு தேக்கரண்டி வைத்து, ஒரு துளி வெல்லப்பாகு விட்டால் அது மியாங் கம்முக்குத் தங்கை. வெற்றிலைக் காரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் முட்டைகோஸ் இலையில் அவித்த சேவையோடு வைத்துச் சுருட்டினால் அது அத்தோவும் கோய் குவோனும் சேர்ந்த கலவை. அரிசித்தாளும் இப்போது பெரிய கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. மாசி கிடைத்தால் சென்னாக்குன்னிக்குப் பதில் அதை இடித்துப் போடலாம். எல்லாம் சேர்ந்து பத்து நிமிட வேலை. மடித்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும், வைத்திருந்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

முடிவாக

செட்டிநாட்டு உணவு என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது பெரிய வீடு, பர்மாத் தேக்கு, ஆச்சி கைப்பக்குவம், மிளகு மணக்கும் கோழி. அது பொய்யில்லை. அந்தச் சமையலைக் காப்பாற்றியவர்கள் கடலையே பார்க்காமல் வீட்டில் இருந்த பெண்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

அதே ஊரில் பர்மா காலனி என்றொரு பகுதி இருப்பதும், பர்மாவை இலையில் வைத்துப் பரிமாறத் தெரிந்த கைகள் அங்கேயும் வந்து சேர்ந்தன என்பதும் அந்தப் புகழில் இடம்பெறுவதில்லை. சுற்றுலாப் பயணிகள் மாளிகையைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அரக்குப் பெட்டிக்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைக்கிறது. தள்ளுவண்டிக் கிண்ணத்துக்குக் கிடைப்பதில்லை.

பணத்தோடு போனவர்கள் பொருளைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் இழந்து வந்தவர்கள் சமையலைக் கொண்டுவந்தார்கள். அடுத்த முறை யாராவது ஓர் இலையை மடித்து, காய்ந்த இறாலைத் தூவி, வாயில் போடும்போது, அது வந்த பாதையில் சைகோனும் ரங்கூனும் மட்டுமின்றி, 1964இல் கையை வீசிக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கிய அந்த மக்களும் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.